நீல நூல் தைத்த பிள்ளைத்துணி

தம்பி,

நான் சுகம். முழங்கால் மட்டும் மழைக்கு முன்னமே மழை வரப்போகிறது என்று சொல்லத் தொடங்கிவிட்டது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. நேற்றுப் பின்னேரம் போனில் நீ அந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னதும் நான் கத்திவிட்டேன். உனக்குச் சிரிப்பு வந்தது. மருமகளுக்குப் பயம் வந்திருக்கும். நான் மன்னிப்புக் கேட்டதாக அவளிடம் சொல். கத்தியதற்குத்தான் மன்னிப்பு, சொன்ன விஷயத்துக்கு இல்லை. மருமகள் பிறந்தபோது கட்டிய துணிகளைச் சம்பந்தி அம்மா பூச்சி உருண்டை போட்டு இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்து, பிறக்கப்போகிற பேரப்பிள்ளைக்கென்று அனுப்பியிருக்கிறார் என்று நீ பெருமையோடு சொன்னாய். அந்தப் பெட்டியை வீட்டுக்குள் வைக்காதே என்றேன். ஏன் என்று கேட்டாய். அது போனில் சொல்லக்கூடிய கதை இல்லை. உன் வயதளவு காலம் நான் உனக்குச் சொல்லாமல் வைத்திருந்த கதை. கடிதமாக எழுதினால் இடையில் நீ பகிடி விட முடியாது என்பது எனக்கு இன்னொரு வசதி.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். கடையில் வாங்கிக் கட்டி எறிகிற நப்பி கட்டுப்படியாகாது என்று கணக்குப் பார்த்து, துவைத்துக் கட்டுகிற துணிக்கு நீங்கள் வந்தது நல்ல புத்தி. நீ அனுப்பிய படங்களையும் பார்த்தேன். பட்டன் பூட்டுகிறது, உள்ளே தடித்த துணி வைக்கிறது, வெளியே யானை அச்சடித்தது. பார்க்க வடிவுதான். ஆனால் அந்தத் தடிப்பு உங்கள் மாடிவீட்டுப் பல்கனியில் ஒரு நாளில் காயாது. உள்ளுக்குள் ஈரம் நின்றால் பிள்ளையின் தொடை அவிந்துபோகும். ஆசைக்கு இரண்டு மூன்று பட்டன் நப்பி வாங்கி வை, வெளியில் போகும்போது கட்டலாம். வீட்டுப் பாவிப்புக்கு மெல்லிய பருத்தித் துணியைக் கெஜக் கணக்கில் வாங்கி, சதுரமாக வெட்டி, ஓரம் அடித்துக்கொள். இரண்டு டசின் இருந்தால் போதும். மடித்தால் தடிக்கும், விரித்துப் போட்டால் கெதியாகக் காயும். வாங்கின உடனே கொதிதண்ணீரில் போட்டு அவித்து, வெயிலில் இரண்டு நாள் காயவிடு. மற்றது, வெள்ளையாக எடு. யானையும் வேண்டாம், பூவும் வேண்டாம். வெள்ளைத் துணி கட்டியபடியால்தான் நீ இன்றைக்கு இந்தக் கடிதத்தை வாசித்துக்கொண்டு இருக்கிறாய்.

தொண்ணூற்றாறில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்ட சனத்தோடு நாங்களும் ஸ்கந்தபுரத்துக்கு வந்தோம். நீ அப்போது என் வயிற்றில் மூன்று மாதம். முதலில் ஒரு மரத்தடியில் தறப்பாள் கட்டி இருந்தோம். பிறகு அப்பாவோடு விறகு வெட்டப்போன ஒருவர், தன் தங்கையின் வீடு பூட்டிக் கிடக்கிறது, பிள்ளைப்பேறு முடியும்வரை இருங்கள் என்று திறப்பைத் தந்தார். தங்கை இப்போது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தன்னோடுதான் இருக்கிறா என்றார். ஏன் சொந்த வீட்டை விட்டுவிட்டு அங்கே இருக்கிறா என்று நாங்கள் கேட்கவில்லை. கூரை கிடைத்தவர்கள் கேள்வி கேட்பதில்லை. அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். குசினியையும் முன்னறையையும் எடுத்துக்கொள்ளுங்கள், பின்னறையில் ஒரு பெட்டி இருக்கிறது, அதை மட்டும் திறக்க வேண்டாம். நானும் தலையாட்டினேன்.

அது நல்ல வீடு. கிணறு இருந்தது, சுற்றிவரக் கிடுகுவேலி இருந்தது, குசினிக்குப் பின்னால் துணி காயப்போட ஒரு கொடி கட்டியிருந்தது. ஆனால் முன்னறைக் கூரை வளையில் பிள்ளையைப் போட்டு ஆட்டுகிற ஏணை கட்டின கயிறு ஒன்று அறுபட்டுத் தொங்கியது. கயிற்றை யாரும் அவிழ்க்கவில்லை, கத்தியால் அறுத்திருந்தார்கள். அப்பா அதைக் கழற்றிப் போட்டுவிட்டு உனக்குப் புதுக் கயிறு கட்டினார். அந்தக் கயிற்றைப் பார்த்த அன்றே நான் வாயைத் திறந்து கேட்டிருக்க வேண்டும்.

நீ மாசியில் பிறந்தாய். நல்ல வெயில் காலம். முப்பத்தொராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிக்கும்வரை பிள்ளைக்குப் புதுத்துணி கட்டக்கூடாது, கட்டிப் பழகின பழைய துணிதான் கட்ட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எங்களுக்கு அந்த வழக்கத்தை மீறவும் வழியில்லை. பொருளாதாரத் தடையால் துணியும் சவர்க்காரமும் வன்னிக்குள் சும்மா வராத காலம் அது. அப்பாவின் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து ஏழு துண்டு எடுத்தேன். நீயோ ஒரு நாளைக்குப் பதினைந்து தரம் நனைத்தாய். ஈரச்சீலையை அடுப்படியில் வாட்டிக் கட்டினேன். நாலாம் நாள் உன் தொடையெல்லாம் சிவந்துபோனது. அப்பா விறகுக்குப் போய்விட்டார். உன்னை ஏணையில் போட்டுவிட்டு நான் பின்னறைக்குப் போய் அந்தப் பெட்டியைத் திறந்தேன். பூட்டுக்கூட இல்லை, கொக்கிதான்.

மூடியைத் தூக்கியதும் ஒரு மணம் வந்தது. இனிப்பும் குளிரும் சேர்ந்த மணம், மூக்கைத் தாண்டித் தலைக்குள் போகிற மணம். மேலே ஒரு கூறைச்சேலை. அதற்குக் கீழே பன்னிரண்டு பிள்ளைத்துணிகள், எல்லாம் வெள்ளை, கையால் ஓரம் தைத்து, ஒவ்வொன்றின் மூலையிலும் நீல நூலால் பெருக்கல் குறிபோலச் சின்னதாக ஒரு புள்ளடி. துணி மடிப்புகளுக்குள் கரைந்து பட்டாணி அளவுக்குச் சுருங்கிப்போன பூச்சி உருண்டைகள். அவ்வளவு கவனமாகத் தைத்த பிள்ளைத்துணியை நான் அதற்குமுன் கண்டதில்லை. பன்னிரண்டையும் தூக்கினேன். களவுதான், வேறு சொல் இல்லை. சவர்க்காரத்தை மிச்சம் பிடிக்க வெறும் தண்ணீரில் ஒருதரம் அலசினேன். விறகு அப்பா முதுகு முறிய வெட்டிக்கொண்டு வருவது, அதனால் அவிக்கவும் இல்லை. காய்ந்த பிறகும் மணம் போகவில்லை. எனக்கு அது வசதியான வீட்டு மணமாகப் பட்டது. உன்னை அதில் சுற்றிவிட்டு, ராசா மாதிரி இருக்கிறாய் என்று சொல்லி முத்தமும் கொடுத்தேன்.

மறுநாள் உச்சிப்பொழுதில் அந்தக் குரலை முதல்முதல் கேட்டேன். காகம்கூடக் கத்தாத நேரம். பின்வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, மெதுவாக, தொண்டை கட்டினதுபோல ஒரு பெண்குரல்.

"பிள்ளை... பிள்ளை..."

இரண்டே தரம். பிறகு ஒன்றுமில்லை. நான் குசினி வாசலில் அப்படியே நின்றேன். உச்சிப்பொழுதிலோ கருக்கலிலோ யாராவது கூப்பிட்டால் மூன்றாம் தரம் கூப்பிடும்வரை ஓம் சொல்லக்கூடாது என்று எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்திருந்தார்கள். மனிசர் மூன்றாம் தரமும் கூப்பிடுவார்கள், மற்றது இரண்டோடு நிறுத்திவிடும். அதோடு, அந்தக் குரல் என்னைக் கூப்பிட்டதாக எனக்குப் படவே இல்லை. பிள்ளை என்றால் எனக்கு அப்போது உலகத்தில் நீ ஒருவன்தான். அது உன்னைக் கேட்டு வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

அன்றைக்குக் கொடியில் இரண்டு துணி குறைந்தது. காற்று இல்லை, நாய் இல்லை. அப்பாவின் வேட்டித்துண்டு ஏழும் அப்படியே கிடந்தன. நீல நூல் தைத்ததில் மட்டும் இரண்டு இல்லை. அடுத்த நாள் உச்சிக்கு அதே குரல், அதே இரண்டு தரம். நான் வாயைப் பொத்திக்கொண்டு உன் ஏணைக்குப் பக்கத்தில் இருந்தேன். எழும்பிப் போய்ப் பார்த்தால் இன்னும் ஒன்று இல்லை. பிறகு இன்னும் இரண்டு. யாருடைய பொருளோ, ஒவ்வொன்றாகத் திருப்பி எடுக்கிறது, துணி முடிந்த பிறகு எதை எடுக்கும் என்று எனக்குள் ஒரு எண்ணம் விழுந்தது. விழுந்த எண்ணம் போகவில்லை. அப்பாவிடம் சொல்ல முடியாது, சொன்னால் பெட்டியைத் திறந்ததையும் சொல்ல வேண்டும். துணிகளை அவர் கண்டு கேட்டபோது, பக்கத்து முகாமில் தந்தார்கள் என்று பொய் சொல்லியிருந்தேன்.

அப்போது ஒரு கெட்டித்தனம் செய்தேன் பார். மிச்ச ஏழு துணியையும் கொடியில் போடாமல் முன்னறைக்குள்ளேயே கயிறு கட்டி, உன் ஏணைக்கு மேலே காயப்போட்டேன். கதவையும் யன்னலையும் சாத்தினேன். வெளியே இருப்பது உள்ளே வரக்கூடாது என்று நான் எடுத்த பாதுகாப்பு அது. வீடு முழுக்க அந்தப் பெட்டியின் மணம் நிரம்பியது. நீ நல்ல பிள்ளையாகிவிட்டாய். அழுகை குறைந்தது. பால் குடிக்க எழுப்பினால் இரண்டு இழுவை இழுத்துவிட்டுத் தூங்கினாய். பிள்ளை பழகிவிட்டான் என்று அப்பா சந்தோசப்பட்டார். நான் உன்னைத் தூக்கி உச்சியை மணந்து பார்த்தேன். பிறந்த பிள்ளையின் தலையில் பால் மணம் இருக்கும் இல்லையா? உன் தலையில் அது இல்லை. உன் தலை பெட்டி மணத்தது.

பத்தாம் நாள் என்று நினைக்கிறேன். உச்சி நேரம். உன்னுடைய துணியை மாற்றினேன். சாயமில்லாத வெள்ளைத் துணியில் சிறுநீர் பால் விடாத வெறும் தேத்தண்ணி நிறத்தில் ஊறியிருந்தது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம் என்று யன்னலைத் திறந்தேன். திறந்த பிறகுதான் உன்னையும் கண்டேன். மூடின அறைக்குள் இத்தனை நாள் எனக்குத் தெரியவில்லை. உன் முகம், உன் கண் வெள்ளை, உன் உள்ளங்கால் எல்லாம் மஞ்சள். கால்விரலைக் கிள்ளினேன். நீ அழவில்லை. அந்த நேரம் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கம் குரல் வந்தது.

"பிள்ளை..."

நான் இரண்டாம் தரத்துக்குக்கூட நிற்கவில்லை. எதுவாக இருந்தாலும் வந்து எடுக்கட்டும், அல்லது தரட்டும் என்ற நிலைமைக்கு வந்துவிட்டேன். உன்னைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்குள் ஓடி, "ஓம், ஓம், நான் இஞ்சைதான் நிக்கிறன்" என்று கத்தினேன்.

வேலியில் கிடுகு விலகின ஒரு பொட்டு இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றா. முப்பது வயதுக்கு மேல் இராது, ஆனால் முன்மயிர் நரைத்திருந்தது. கால் நிலத்தில்தான் இருந்தது, நான் முதலில் பார்த்தது அதைத்தான். என்னைக் கண்டதும் அவவும் இரண்டடி பின்னுக்குப் போனா. நான் பேயென்று பயந்த மனிசி என்னைக் கண்டு பயந்து நின்றா. பிறகு உன்னைக் கண்டா. அப்போது அவ சொன்னதை ஒரு சொல் தவறாமல் எழுதுகிறேன்.

"அந்தச் சீலையைக் கழட்டு பிள்ளை. முதல்ல கழட்டி எறி. அந்த மணம்தான் பிள்ளையைத் தின்னுது. என்ர பிள்ளையும் இப்பிடித்தான் மஞ்சளானது."

நான் அந்த இடத்திலேயே கழற்றி எறிந்துவிட்டு, உன்னை என் சேலைத்தலைப்பில் சுற்றினேன். அவ, எங்களுக்கு வீட்டுத் திறப்பைத் தந்த தன் அண்ணனைக் கூட்டிவர வாய்க்கால் பக்கம் ஓடினா. அவர் சைக்கிளில் வந்தார். நான் கரியரில் ஏறி, உன்னை நெஞ்சோடு அணைத்தபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். வேலியடியில் கிடந்த நீல நூல் துணியை அவர் கண்டார். பெட்டி திறந்த விஷயம் அவருக்கு அந்தக் கணமே தெரிந்திருக்கும். வழி முழுக்கக் குனிந்து பெடலை மிதித்தார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் உன்னைப் பார்த்துவிட்டு முதல் கேட்ட கேள்வி, பிள்ளையின் துணி எதற்குள் வைத்திருந்தீர்கள் என்பதுதான். சில பிள்ளைகளின் இரத்தத்துக்குப் பூச்சி உருண்டை ஆகாது, அந்த மணம் தோலாலும் மூச்சாலும் உள்ளே போய் இரத்தத்தை உடைத்துவிடும், உடைகிற இரத்தம்தான் சிறுநீரில் போகிறது என்று விளங்கப்படுத்தினார். உனக்கு இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது, பின்னால் வந்து சேர்ந்த அப்பாவின் இரத்தம் பொருந்தவில்லை. யாருக்கோ துணையாக வந்து நின்ற ஒருவர் தந்தார், பெயர்கூடக் கேட்க மறந்துபோனோம். மலேரியாக் குளிசையைக் கண்டபடி போடாதே, எந்த மருந்துக்கும் முதல் டொக்டரிடம் சொல் என்று நான் உன்னைச் சின்னனிலிருந்து ஆக்கினைப்படுத்தியதற்குக் காரணம் இதுதான். உனக்கு ஒவ்வாது என்று மட்டும் சொல்லிவைத்தேன். முழுக்கச் சொன்னால் களவையும் சொல்ல வேண்டுமே என்ற வெட்கம். உன்னில் இருக்கிறது உன் பிள்ளைக்கும் வரலாம். பிள்ளை பிறந்தவுடன் ஆஸ்பத்திரியில் இதைச் சொல்லி, இரத்தம் பார்க்கச் சொல். மருமகளுக்கும் இன்றைக்கே சொல்லிவிடு. என்னைப்போல் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காதே.

உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, உச்சிப்பொழுதுகளில் நான் வேலிப்பொட்டுக்குப் போய் நிற்பேன். அவவும் வருவா. உள்ளே வரச் சொன்னால் மாட்டா. அந்தப் பன்னிரண்டு துணியையும் தான்தான் தைத்ததாகச் சொன்னா. கலியாணமாகி ஆறு வருடம் கழித்து வந்த பிள்ளையாம். பூச்சி அரிக்காமல் இருக்க ஏழாம் மாதமே தைத்து உருண்டை போட்டு வைத்தாவாம்.

"ஆஸ்பத்திரியில டொக்டர் கேட்டவர், துணியெல்லாம் எதுக்குள்ள வைச்சனீங்கள் எண்டு. நான் பெருமையாத்தான் சொன்னனான்."

இதைச் சொல்லும்போது அவ அழவில்லை. பிள்ளை போனபிறகு சனம் அவவை விசரி என்றதாம், பிள்ளைத்தாய்ச்சிகள் அவவைக் கண்டால் கதவைச் சாத்தினார்களாம். தன் வீட்டுக் கொடியில் தன் நீல நூலைக் கண்ட அன்று என்ன செய்வதென்று தெரியவில்லையாம். துடக்கு வீடு, பச்சைப் பிள்ளை, தன் நிழல் அதில் விழக்கூடாது என்று வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டா. இரண்டு தரம் கூப்பிட்டும் பதில் இல்லை என்றால், வேண்டாம் என்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டா. நான் உள்ளே கிடக்கும்போது கையை நீட்டி எட்டின துணிகளை மட்டும் உருவிக்கொண்டுபோய் வாய்க்கால் கரையில் புதைத்தா. அவ கூப்பிட்ட பிள்ளை நான்தான். எங்கள் ஊரில் தன்னைவிடச் சின்னப் பெண்ணைப் பிள்ளை என்றுதானே கூப்பிடுவார்கள்? அது எனக்கு அத்தனை நாளும் விளங்கவில்லை. அவ மூன்றாம் தரம் கூப்பிடவில்லை, நான் முதல் தரத்துக்கு ஓம் சொல்லவில்லை. இடையில் நீ கிடந்தாய்.

முப்பத்தொராம் நாள் துடக்குக் கழித்தோம். அவவுடைய அண்ணனை அனுப்பிச் சொல்லியும் அவ படலையோடு நின்றுவிட்டா. வந்திருந்த இரண்டு மூன்று பெண்கள் ஆளை ஆள் பார்த்தார்கள். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்து, "அக்கா, உள்ளுக்கு வாங்கோ" என்றேன். அசையவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா. பெண்களில் ஒருத்தி, விடு பிள்ளை, அவ வரமாட்டா என்று என் கையைப் பிடித்தாள். நான் கையை உதறிவிட்டு, எல்லோருக்கும் கேட்க, மூன்றாம் தரமும் கூப்பிட்டேன். அவ படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தா.

உன்னை அவ கையில் கொடுத்தேன். கழுத்தைச் சரியாகத்தான் தாங்கினா. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குனிந்து உன் உச்சியை மணந்தா. திரும்பவும் மணந்தா.

"பால் மணக்குது, பிள்ளை" என்றா.

என்னிடம்தான் சொன்னா என்று இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டு இருந்தேன். ஆனால் இதை எழுதும்போதுதான் யோசிக்கிறேன், அவ என்னைப் பார்க்கவில்லை, உன்னையும் பார்க்கவில்லை. தன் பிள்ளையின் பெட்டி இருந்த, சாத்திக் கிடந்த பின்னறைக் கதவைப் பார்த்துத்தான் சொன்னா. அடுத்த இடப்பெயர்வில் அவர்களைத் தவறவிட்டோம். பிறகு எங்கே கேட்டும் தகவல் இல்லை. நான் இப்போது இருக்கிற இந்தப் பூவரசங்குளத்து வளவில் இன்றைக்கும் உச்சி நேரத்தில் துணி காயப்போடும்போது சிலவேளை எனக்கு ஒரு குரல் கேட்கும். நான் யார் என்று பார்ப்பதில்லை, உடனே ஓம் சொல்லிவிடுவேன்.

பெட்டியை வெளியே வைத்துவிட்டாயா? சம்பந்தி அம்மாவுக்கு நான் போன் எடுத்து நல்ல விதமாகச் சொல்கிறேன், அவரும் ஆசையாகத்தான் செய்தார். பிள்ளை பிறந்து உன் கையில் தந்தவுடன், ஆருக்கும் அறிவிக்க முதல், படம் எடுக்க முதல், குனிந்து உச்சியை மணந்து பார். பால் மணந்தால் எனக்கு ஒரு சொல் சொல்லு. எந்த நேரமென்றாலும் முதல் மணியிலேயே போனை எடுப்பேன்.

அம்மா